விளைவித்த கையும் வாங்கும் கையும்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஏழு. வாரத்தின் மற்ற நாள்களில் வாகனங்கள் மட்டுமே நிற்கும் அந்தத் திடல் அன்று அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. வரிசை வரிசையாகக் கூடாரங்கள். அவற்றின் கீழே மடக்கு மேசைகள். மேசைகளின்மேல் கட்டுக் கட்டாகக் கீரை, குவியல் குவியலாகக் கத்தரிக்காய், சீப்புச் சீப்பாக வாழைப்பழம். ஒரு மூலையில் மீன்களைப் பனிக்கட்டியின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றொரு மூலையிலிருந்து நாசி லெமாக்கின் மணம் காற்றில் மிதந்து வந்தது. மலேசியாவின் பல ஊர்களில் வாரந்தோறும் இப்படிப்பட்ட சந்தை கூடுகிறது. மலாய்மொழியில் இதனைப் 'பசார் தானி' என்பர். தமிழில் இது 'உழவர் சந்தை'.

சந்தை தமிழருக்குப் புதிதன்று. மதுரை நகரில் பகலில் கூடிய சந்தையை 'நாளங்காடி' என்றும், இரவில் கூடிய சந்தையை 'அல்லங்காடி' என்றும் சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. காலைச் சந்தையையும் இரவுச் சந்தையையும் பார்த்துப் பழகிய மலேசிய மாணவர்களுக்கு இவ்விரு சொற்களும் எளிதில் விளங்கும். ஆனால், உழவர் சந்தை கூடும் நேரத்தால் பெயர் பெற்றதன்று; விற்பவரால் பெயர் பெற்றது. விளைவித்தவரே தம் விளைபொருளைக் கொண்டுவந்து நேரடியாக விற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1965ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கூட்டரசு வேளாண் சந்தை வாரியம், அதாவது ஃபாமா, 1985ஆம் ஆண்டில் இத்திட்டத்தைத் தொடங்கியது.

அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையில், படிவம் மூன்றில் பயிலும் மாணவி ஒருத்தி தன் பாட்டியுடன் சந்தைக்குள் நுழைந்தாள். பாட்டியின் கையில் இரண்டு துணிப்பைகள். பேத்தியின் கையில் ஒரு குறிப்பேடு. ஐந்து பொருள்களின் விலையைப் பேரங்காடியிலும் உழவர் சந்தையிலும் ஒப்பிட்டு எழுதிவர வேண்டும் என்பது பள்ளியில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட இடுபணி. முளைக்கீரை, வெண்டைக்காய், தக்காளி, வாழைப்பழம், மங்குஸ்தீன் ஆகியவையே அந்த ஐந்து பொருள்கள். முந்தைய நாள் மாலையே பேரங்காடிக்குச் சென்று முதல் பத்தியை நிரப்பிவிட்டாள். இரண்டாம் பத்தியை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

முதலில் கீரைக் கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈரச்சாக்கின்மேல் கீரைக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார். முளைக்கீரை, பசலை, மணத்தக்காளி, முருங்கை எனப் பல வகைகள் இருந்தன. பேரங்காடியில் ஒரு கட்டு முளைக்கீரை ரி.ம. 2.90. இங்கே ரி.ம. 2.00. குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பேத்தி, தன் பேரம் பேசும் திறமையையும் காட்ட நினைத்தாள்.

"மூன்று கட்டு நாலரை ரிங்கிட்டுக்குக் கொடுங்கள், அங்கிள்" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் பாட்டி குறுக்கிட்டார். "இரு கண்ணு. விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால், அது எப்படி வந்த விலை என்று கேட்டுக்கொள்ளலாமே. தம்பி, இது எப்போது பறித்தது?"

"நேற்றுச் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகுதான்மா பறித்தோம். உச்சி வெயிலில் பறித்தால் சந்தைக்கு வருவதற்குள் தலை தொங்கிவிடும். வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து கட்டுப்போட்டு முடிக்கவே இரவு மணி பத்தாகிவிட்டது" என்றார் அவர்.

கீரை ஏன் அவ்வளவு விரைவாக வாடுகிறது? செடியிலிருந்து பறித்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. வேரிலிருந்து நீர் வருவது நின்றுவிடுகிறது. ஆனால், இலையிலிருந்து நீர் ஆவியாவது நிற்பதில்லை. அதனால் இலை துவள்கிறது. நாள் செல்லச் செல்ல அதிலுள்ள வைட்டமின் சி சத்தும் குறைந்துகொண்டே போகிறது. தோட்டத்திலிருந்து சமையலறைக்கு வரும் நேரம் குறையக் குறைய, கீரையின் சுவையும் சத்தும் அந்த அளவுக்கு நமக்குக் கிடைக்கின்றன. உழவர் சந்தையில் காய்கறி வாங்குவதன் முதல் இன்பம் இதுதான். முந்தைய நாள் மாலை மண்ணில் நின்ற கீரை, மறுநாள் மதியம் நம் தட்டுக்கு வந்துவிடுகிறது.

"விதைத்து எத்தனை நாளில் பறிப்பீர்கள், அங்கிள்?" என்று பேத்தி கேட்டாள். அவளுடைய இடுபணியில் இல்லாத கேள்வி அது.

"முளைக்கீரைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நடுவில் பெருமழை பெய்தால் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்."

"அப்படியென்றால், இந்த இரண்டு ரிங்கிட்டும் உங்களுக்கே கிடைத்துவிடுமா?"

அவர் சிரித்தார். "இதில்தான் விதை, உரம், வண்டிக்கு டீசல், கடை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். ஆனாலும், வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டால் இதில் பாதிகூடக் கையில் நிற்காது."

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்னும் பழமொழி அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. தோட்டத்தில் விளைந்த காய்கறி பொதுவாகப் பல கைகள் மாறித்தான் நம்மிடம் வருகிறது. தோட்டத்தில் சேகரிப்பவர் ஒருவர். சிலாயாங் போன்ற மொத்தச் சந்தையில் விற்பவர் ஒருவர். அங்கிருந்து வாங்கிச் செல்லும் கடைக்காரர் ஒருவர். இவர்கள் அனைவரையும் தீயவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பொருளை ஏற்றி இறக்குவதற்கும் குளிரூட்டி வைப்பதற்கும் செலவு உண்டு. வழியில் அழுகும் பொருளால் வரும் இழப்பும் அவர்களுடையதே. எனினும், கைகள் கூடக் கூட, விளைவித்தவருக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. இரண்டு கைகள் மட்டுமே இருக்கும் இடத்தில் அந்தப் பங்கு பெரிதாகிறது. விலையை முடிவுசெய்யும் உரிமையும் அவரிடமே இருக்கிறது.

பேத்தி மறுபேச்சுப் பேசாமல் ஆறு ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வரிசையில் மலாய் மாது ஒருவர் வாழைப்பழமும் உலாம் இலைகளும் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் விளைந்தவை. பாட்டி ஒரு கொத்து இலையை எடுத்து முகர்ந்து பார்த்து, "வல்லாரை!" என்றார். மக்சிக்கோ அதைப் 'பெகாகா' என்றார். இலை ஒன்றுதான்; பெயர்கள்தாம் இரண்டு. மக்சிக் அதைப் பச்சையாகவே சம்பால் பெலாச்சானுடன் உண்பாராம். பாட்டி அதைத் தேங்காயும் புளியும் சேர்த்துத் துவையல் அரைப்பாராம். இருவரும் மலாய்மொழியில் சமையல் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டபோது, பின்னால் நின்ற வாடிக்கையாளரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

மக்சிக் பேத்திக்கு வாழைப்பழ வகைகளையும் விளக்கினார். சிறியதாகவும் பொன்னிறமாகவும் இருப்பது பிசாங் மாஸ். பழமாக உண்ணச் சுவையானது. மாட்டின் கொம்பைப்போல் நீண்டு வளைந்திருப்பது பிசாங் தண்டோக். எண்ணெய்யில் பொரிக்க ஏற்றது. 'மாஸ்' என்றால் பொன், 'தண்டோக்' என்றால் கொம்பு என்று அறிந்த பேத்திக்கு, பழத்தைப் பார்த்ததுமே பெயர் நினைவில் நின்றுவிட்டது. பேரங்காடியின் விலைச்சீட்டும் பழத்தின் பெயரைச் சொல்லும். ஆனால், எந்தப் பழத்தை எப்படிச் சமைக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று அது எடுத்துச் சொல்லாது. பிசாங் மாஸின் விலை இரண்டு இடங்களிலும் ஒன்றாகவே இருந்தது. கிலோவுக்கு ரி.ம. 5.00.

பழக்கடைகளை நெருங்கும்போதே டுரியான் மணம் வரவேற்றது. ஆண்டின் நடுப்பகுதி பழப் பருவம் என்பதால் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் ஆகிய மூன்றும் குவிந்து கிடந்தன. நம் நாட்டு உழவர்கள் டுரியானைப் பெரும்பாலும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. அது பழுத்துத் தானே விழும்வரை காத்திருந்து பொறுக்குகிறார்கள். பேரங்காடியில் ஆப்பிளும் ஆரஞ்சும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். உழவர் சந்தையின் மேசையோ மாதத்துக்கு மாதம் மாறும். சில பழங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து உண்பதிலும் ஒரு சுவை இருக்கிறது.

மங்குஸ்தீன் விற்ற சீன முதியவர், பலகையில் 'ஒரு கிலோ ரி.ம. 10.00' என்று எழுதியிருந்தார். ஆனால், வாய்மொழியாக, "ஒரு காத்தி ஆறு ரிங்கிட்தான்!" என்று கூவினார். பேத்தியின் கண்கள் விரிந்தன. "பாட்டி, பலகையில் பத்து, வாயில் ஆறு! நாலு ரிங்கிட் குறைக்கிறார்" என்று கிசுகிசுத்தாள்.

பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணு, காத்தி வேறு, கிலோ வேறு. ஒரு காத்தி ஏறக்குறைய அறுநூறு கிராம். நீயே கணக்குப் போட்டுப் பார்."

அறுநூறு கிராமுக்கு ஆறு ரிங்கிட் என்றால் நூறு கிராமுக்கு ஒரு ரிங்கிட். ஒரு கிலோவுக்குப் பத்து ரிங்கிட். இரண்டும் ஒரே விலைதான்! மெட்ரிக் அளவைகள் நம் நாட்டில் பழக்கத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும், மூத்த வணிகர்களின் நாவில் காத்தி இன்றும் வாழ்கிறது. சந்தையில் பொருள் வாங்குபவர் அளவைகளை அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பேத்தி அங்கேயே கற்றுக்கொண்டாள். பேரங்காடியில் இதே பழம் கிலோ ரி.ம. 11.00. இங்கே ஒரு ரிங்கிட் குறைவு. அடுத்த கடையில் வாங்கிய அரைக்கிலோ வெண்டைக்காயிலும் அறுபது காசு மிச்சமானது.

எஞ்சியது தக்காளி. பளபளவென்று அடுக்கிவைக்கப்பட்டிருந்த தக்காளியின் விலை கிலோவுக்கு ரி.ம. 6.00. பேரங்காடியில் அது ரி.ம. 5.00 மட்டுமே. பேத்தி குழம்பினாள். உழவர் சந்தையில் எல்லாமே மலிவாக இருக்கும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? பாட்டியிடம் கற்றுக்கொண்ட கேள்வியை இம்முறை அவளே கேட்டாள்.

"இது எங்கே விளைந்தது, அண்ணா?"

"கேமரன் மலையில். லாரியில் வந்ததை மொத்தமாக வாங்கி விற்கிறேன்" என்று அந்த இளைஞர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு நிலவும் குளிர்ச்சியில் தக்காளி, முட்டைக்கோஸ், சாலட் இலை முதலியவை செழித்து வளர்கின்றன. ஆகவே, சமவெளியில் கூடும் சந்தைக்கு இவை பெரும்பாலும் தொலைவிலிருந்துதான் வருகின்றன. உழவர் சந்தையில் கடை போட்டிருக்கும் எல்லாரும் உழவர்கள் அல்லர். வாங்கி விற்பவர்களும் அவர்களிடையே இருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால், வாங்குபவர் அதனை அறிந்து வாங்க வேண்டும். 'எங்கே விளைந்தது? எப்போது பறித்தது?' என்னும் இரண்டு எளிய கேள்விகள் அதற்குப் போதும். இப்படிக் கேட்டு உடனே விடை பெற முடிவதே இந்தச் சந்தையின் தனிச்சிறப்பு.

மணி பத்தானபோது வானம் இருண்டது. சற்று நேரத்தில் மழை சோவெனக் கொட்டியது. கூடாரங்களின் ஓரங்களிலிருந்து நீர் அருவியாக வழிந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் வாகனங்களை நோக்கி ஓடினர். அரை மணி நேரத்தில் திடல் வெறிச்சோடிவிட்டது.

மழை சற்றுத் தணிந்ததும் பாட்டியும் பேத்தியும் வாகனத்துக்குத் திரும்பினர். வழியில் கீரைக் கடையைக் கடந்தபோது பேத்தியின் கால்கள் நின்றன. மேசையில் இன்னும் நாற்பது கட்டுகளாவது இருக்கும். வாங்குவதற்குத்தான் ஆளில்லை.

"விற்காமல் போனால் என்ன செய்வீர்கள், அங்கிள்?"

"என்ன செய்வது? நாளைக்கு இதை யார் வாங்குவார்கள்? கொஞ்சம் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம். மீதி ஆட்டுக்குத்தான்."

உலகில் மனிதர் உண்பதற்காக விளைவிக்கப்படும் உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது அல்லது இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2011ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பேத்தி அறிவியல் வகுப்பில் படித்திருக்கிறாள். ஆனால், ஒரு மாத உழைப்பு ஒரு மழையில் ஆட்டுத் தீவனமாகப் போவதை அன்றுதான் கண்ணெதிரே கண்டாள்.

பாட்டி கைப்பேசியை எடுத்தார். தம் குடியிருப்பின் புலனக் குழுவில், 'நேற்றுப் பறித்த முளைக்கீரை, கட்டு இரண்டு ரிங்கிட். யாருக்கு வேண்டும்?' என்று குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் நான்கு வீட்டாரிடமிருந்து பதில் வந்தது. மொத்தம் பன்னிரண்டு கட்டுகள். பேத்தி இருபத்து நான்கு ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்தாள். இம்முறை அவள் பேரம் பேசவில்லை.

கீரைக்காரர் கட்டுகளைப் பையில் போட்டுவிட்டு, கேட்காமலேயே ஒரு பெரிய கொத்துக் கறிவேப்பிலையையும் நான்கு பச்சை மிளகாயையும் மேலே வைத்தார். "இது கொசுறும்மா" என்றார். விற்பவர் மனமுவந்து அளவுக்கு மேல் கொடுப்பதற்குத் தமிழில் வழங்கும் சொல் அது. பேரம் பேசி விலையைக் குறைப்பது வாங்குபவரின் திறமை என்றால், கொசுறு கொடுப்பது விற்பவரின் பெருந்தன்மை. எந்த விலைச்சீட்டிலும் அது அச்சிடப்படுவதில்லை.

இருந்தும், மேசையில் இருபத்தெட்டுக் கட்டுகள் மீதமிருந்தன. அவர் அவற்றை ஈரச்சாக்கால் மூடி வண்டியில் ஏற்றத் தொடங்கினார். பாட்டியால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. மழையையும் யாராலும் நிறுத்த முடியாது. "அடுத்த வாரமும் வருவீர்கள்தானே?" என்று பேத்தி கேட்டாள். "மண் காய்ந்தால் வருவேன்மா" என்றார் அவர்.

அன்று மதியம், கீரை மசியலின் மணம் வீடெங்கும் பரவியபோது, பேத்தி தன் குறிப்பேட்டை விரித்தாள். கீரையில் தொண்ணூறு காசும், வெண்டைக்காயில் அறுபது காசும், மங்குஸ்தீனில் ஒரு ரிங்கிட்டும் மிச்சம். வாழைப்பழத்தில் வேறுபாடு இல்லை. தக்காளியில் ஒரு ரிங்கிட் கூடுதல். ஆக மொத்தம், உழவர் சந்தையில் மிஞ்சியது ஒன்றரை ரிங்கிட் மட்டுமே.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, அளவுகோலை எடுத்து இரண்டு பத்திகளுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தியை வரைந்தாள். அதற்கு 'யார் விளைவித்தது? எப்போது பறித்தது?' என்று தலைப்பிட்டாள். உழவர் சந்தைப் பொருள்களுக்கு நேராக எழுத அவளிடம் நிறையச் செய்திகள் இருந்தன. தக்காளிக்குக்கூட 'கேமரன் மலை' என்று எழுத முடிந்தது. பேரங்காடிப் பொருள்களுக்கு நேராக எதுவும் எழுத முடியவில்லை. அந்த இடத்தை அவள் வெற்றிடமாகவே விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டி எழுப்புவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள். சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். மழை மேகம் இல்லை. துணிப்பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

சிந்தித்து விடை கூறுக

1. பிற சந்தைகளிலிருந்து உழவர் சந்தை எவ்வாறு வேறுபடுகிறது?

2. பறித்த கீரை விரைவில் வாடுவதற்கான காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.

3. ஒரு காத்தி ரம்புத்தானின் விலை ரி.ம. 3.00 என்றால், ஒரு கிலோவின் விலை என்ன? கணக்கிட்டுக் காட்டுக.

4. மாணவி முதலில் பேரம் பேசினாள். பின்னர்ப் பேரம் பேசவில்லை. இந்த மாற்றத்துக்கான காரணங்கள் யாவை?

5. 'இடைத்தரகர்கள் இல்லாவிட்டால் உழவர்களின் வாழ்வு உயரும்.' இக்கூற்றை நீர் முழுமையாக ஏற்கிறீரா? பனுவலிலிருந்து சான்றுகள் காட்டி விவாதித்திடுக.

6. உம் வட்டாரத்தில் உள்ள சந்தை ஒன்றுக்குச் சென்று, விற்பவர் ஒருவரிடம் அவருடைய பொருளைப் பற்றி உரையாடுக. நீர் அறிந்துகொண்டவற்றை 120 சொற்களில் எழுதுக.